"பாக்கலாம்" என்றால் சம்மதம் இல்லை: கூட்டக் குறிப்பை இயந்திரத்திடம் விட்டுச் சூடுபட்ட கதை

திருச்சி உறையூரில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். என்ன வேலை என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல வராது. சின்ன நிறுவனங்களின் ஆன்லைன் கூட்டங்களில் உட்கார்ந்து மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு எழுதுவேன். யார் எதை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று பட்டியல் போடுவேன். அந்தத் தேதி நெருங்கும்போது போன் பண்ணி நினைவூட்டுவேன். "நச்சரிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆள் நீதான்க்கா" என்பான் என் தம்பி. அவன் சொல்வதும் சரிதான்.

போன வருடம் எனக்கு நான்கு வாடிக்கையாளர்கள். திருப்பூரில் இரண்டு பனியன் ஏற்றுமதி கம்பெனிகள், சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனம், சிங்கப்பூரில் கணக்கு அலுவலகம் வைத்திருக்கும் ஒருவர். வாரத்துக்கு 11 கூட்டங்கள். ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுத முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆக வாரத்தில் ஒன்பது மணி நேரம் கேட்டதையே திரும்பக் கேட்டு, எழுதினதையே திரும்ப எழுதிக் கழிந்துகொண்டிருந்தது. ஜூமில் கூட்டம், நோஷன் என்ற குறிப்புச் செயலியில் குறிப்பு, இரண்டுக்கும் நடுவில் கைவலியோடு நான். இந்த இரண்டையும் தானாகப் பேசவைத்துவிட்டால் என்ன என்ற ஆசை அப்படித்தான் வந்தது.

திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. கூட்டம் முடியும், பதிவு கிளவுடில், அதாவது ஜூமின் இணையச் சேமிப்பில் ஏறும், பேச்சின் எழுத்துப்படி தயாராகும், அதை ஏஐ சுருக்கும். சுருக்கம் நோஷனில் அந்தந்த வாடிக்கையாளரின் பக்கத்தில் போய் உட்காரும். உடனே அவருக்கு ஒரு மின்னஞ்சல் போகும். செய்ய வேண்டிய வேலைகள் காலண்டரில் ஏறும். நடுவில் நான் எங்குமே இல்லை. அந்த "நான் இல்லை" என்பதுதான் என்னை மயக்கியது. இரண்டு செயலிகளுக்கு நடுவே தகவலைக் கடத்த ஜேப்பியர், மேக், என்8என் என்று பல இணைப்புச் செயலிகள் இருக்கின்றன. அந்த வகையில் ஒன்றை மாதச் சந்தாவில் வாங்கினேன். எதை வாங்கினேன் என்பது இந்தக் கதைக்கு முக்கியமில்லை, ஏனென்றால் தப்பெல்லாம் என்னுடையது. யூடியூபில் நாலு வீடியோ பார்த்து, இரண்டு சனி ஞாயிறுகளில் எல்லாவற்றையும் கட்டி முடித்தேன்.

இதைக் கட்ட நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜூமின் இலவசக் கணக்கை வைத்துக்கொண்டு இதைத் தொடங்காதீர்கள். 40 நிமிடத்தில் கூட்டம் நின்றுவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். கிளவுடில் பதிவு செய்யும் வசதி கட்டணக் கணக்குக்குத்தான் என்பது பலருக்குத் தெரியாது. பதிவு உங்கள் கணினியிலேயே இருந்தால் வெளியிலிருந்து இணைப்புச் செயலி அதைத் தொட முடியாது. எனக்கு இது தெரியவே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

முதல் வாரம் சொர்க்கம். கூட்டம் முடிந்து காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் மினிட்ஸ் தயாராக இருந்தது. இரண்டாவது வாரம் திருப்பூர் கம்பெனி ஒன்றில் "வாராந்திர சாம்பிள் ரிவ்யூ" கூட்டம். அங்கே கரண்ட் போய், ஜெனரேட்டரும் கிளம்பாமல், பத்து நிமிடத்தில் எல்லாரும் கலைந்துவிட்டார்கள். ஒன்றுமே பேசவில்லை. ஆனால் அவர்களுடைய நோஷன் பக்கத்தில் ஜம்மென்று ஒரு மினிட்ஸ் வந்து உட்கார்ந்திருந்தது: சாம்பிள்களின் முன்னேற்றம் விரிவாக ஆராயப்பட்டதாம், தர ஆய்வுக் குழு வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை தருமாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது.

காரணத்தைத் தேடினேன். ஜூமில் வீடியோ தயாராவது ஒரு நிகழ்வு, எழுத்துப்படி தயாராவது வேறொரு நிகழ்வு. வீடியோ தயாராகவே பொதுவாகக் கூட்டத்தின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆகும், சில நாள் இன்னும் கூட. எழுத்துப்படி தனியாக, அதற்கும் பிறகு வரும். நான் முதல் நிகழ்வைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியை ஓடவிட்டிருந்தேன். சில நாள் எழுத்துப்படியும் சேர்ந்து வந்துவிட்டதால் ஓடியது. அன்று வரவில்லை. கையில் கூட்டத்தின் தலைப்பும் ஆட்களின் பெயரும் மட்டும் இருக்க, ஏஐ அதை வைத்துக்கொண்டே ஒரு கூட்டத்தை நடத்தி முடித்துவிட்டது. வெறும் தாளைக் கொடுத்தால் "வெறும் தாள்" என்று அது சொல்லாது. கேட்டதை எழுதிக் கொடுத்துவிடும். ஆகவே ட்ரிகர் (எது நடந்தால் இணைப்பு ஓட வேண்டும் என்பது) வைக்கும்போது எழுத்துப்படி முடிந்தது என்ற நிகழ்வைத்தான் பிடிக்க வேண்டும். அதோடு ஒரு வடிகட்டியும் போடுங்கள்: எழுத்துப்படி ஐந்நூறு எழுத்துகளுக்குக் குறைவாக இருந்தால் அங்கேயே நின்றுவிடட்டும். ஒரே அறிவிப்பு இரண்டு முறை வருவதும் உண்டு, அப்போது ஒரே கூட்டத்துக்கு இரண்டு பக்கம் முளைக்கும். தொடர் கூட்டங்களுக்குக் கூட்ட எண் ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு அமர்வுக்கும் யூயூஐடி என்று தனி அடையாளம் ஒன்றை ஜூம் தருகிறது. அதை நோஷன் அட்டவணையில் ஒரு நெடுவரிசையில் எழுதிவைத்து, ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்த பிறகே புதுப் பக்கம் திறக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் நம் மொழி. எங்கள் கூட்டங்களில் யாரும் முழுத் தமிழில் பேசுவதில்லை, முழு ஆங்கிலத்திலும் பேசுவதில்லை. "அந்த லேப் டிப் அப்ரூவல் வந்துடுச்சுங்களா, பையிங் ஆபீஸ்ல இருந்து கமெண்ட்ஸ் எதாச்சும் இருக்குதுங்களா" என்றுதான் பேச்சு போகும். லேப் டிப் என்பது துணிக்குச் சாயம் சரியா என்று பார்க்க அனுப்பும் சின்னத் துண்டு. எழுத்துப்படியில் அது "லேப்டாப்" ஆகிவிட்டது. சுருக்கத்தில் "மூன்று லேப்டாப்புகளுக்கு ஒப்புதல் நிலுவையில் உள்ளது" என்று வர, முதலாளி எனக்குப் போன் பண்ணி, "ஏனுங்க மேடம், யாருக்குங்க லேப்டாப்பு?" என்றார். ஆங்கிலத்தில் சொன்ன ஃபிஃப்டீன் ஃபிஃப்டி ஆனது. கைப்பேசியில் சேர்ந்தவர்களின் பெயருக்குப் பதிலாக போனின் மாடல் பெயர் வந்தது. ஒரே கேபினில் ஒரு லேப்டாப் முன்னால் மூன்று பேர் உட்கார்ந்து பேசினால் மூவரும் ஒருவர் ஆனார்கள். ஆக "இந்த வேலையை முடிப்பவர்" என்ற இடத்தில் ஒரு கைப்பேசியின் பெயர் எழுதப்பட்ட மினிட்ஸைக்கூட நான் அனுப்பியிருக்கிறேன்.

இவற்றையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். கடக்க முடியாதது "பாக்கலாம்". நம் ஊரில் ஒருவர் "பாக்கலாம்" என்றால் பெரும்பாலும் முடியாது என்று அர்த்தம். முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாமல் சொல்வது. "பாத்துக்கலாம் விடுங்க" என்றால் இன்னும் கொஞ்சம் உறுதியான மறுப்பு. ஏஐ இதை "பரிசீலிக்க ஒப்புக்கொண்டார்" என்று எழுதியது. அதேபோல எதிராளி பேசப் பேச நாம் "ம்… சரி… சரிங்க" என்று கொட்டிக்கொண்டே இருப்போமே, அது காது கொடுத்துக் கேட்கிறேன் என்பதற்கான ஒலி மட்டும்தான். அதெல்லாம் சம்மதமாகக் கணக்கில் ஏறியது. ஒரு தையல் யூனிட்காரர் 12 நாளில் முடிக்க ஒத்துக்கொண்டதாக மினிட்ஸ் போய்விட்டது. அவர் உண்மையில் சொன்னது "சரி சரி, பாக்கலாங்க". பதிமூன்றாவது நாள் வந்த சண்டையில் இரண்டு தரப்பும் என் மினிட்ஸைத்தான் தூக்கிக் காட்டின.

இதற்கு நான் கண்ட மருந்து பாதி மருந்துதான். ஏஐக்குக் கொடுக்கும் கட்டளையில், தொழிலில் அடிக்கடி புழங்கும் சொற்கள் அறுபதைப் பட்டியலாகச் சேர்த்தேன்: லேப் டிப், பிபி சாம்பிள், ஜிஎஸ்எம், எஃப்ஓபி என்று. "பாக்கலாம், பாத்துக்கலாம், சொல்றேன் ஆகியவற்றை முடிவாக எழுதாதே, முடிவில்லை என்று எழுது" என்றேன். விலை, எண்ணிக்கை, தேதி எதுவானாலும் பக்கத்திலேயே பதிவில் அது வரும் நிமிடத்தைக் குறிக்கச் சொன்னேன். அந்தக் கடைசி வரி ஒன்றே பெரிய உதவி. சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரப் பதிவைத் துழாவ வேண்டாம், நேராக அந்த நிமிடத்துக்குப் போய்க் கேட்டுவிடலாம்.

தமிழில் குறிப்பு வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. நோஷனுக்கு வெளியிலிருந்து எழுதும்போது ஒரு பத்தித் துண்டுக்கு 2000 எழுத்துக்கு மேல் வாங்காது, ஒரு தடவைக்கு 100 துண்டுக்கு மேல் வாங்காது, வினாடிக்குச் சராசரியாக மூன்று கோரிக்கைதான் என்று வரையறை உண்டு. இது எல்லா மொழிக்கும் பொது. ஆனால் நாம் எழுத்து என்று எண்ணுவது வேறு, கணினி எண்ணுவது வேறு. "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினியின் யூனிகோடு கணக்கில் ஐந்து. ஆங்கிலத்தில் வைத்துச் சோதித்தபோது ஓடிய அதே அமைப்பு, தமிழ்ச் சுருக்கம் கொஞ்சம் நீண்டதும் பிழை காட்டி நின்றது. 1500 கணக்கு வந்ததும் துண்டு போடச் சொல்லிச் சரிசெய்தேன். இதைக் கண்டுபிடிக்க மட்டும் நாலு ராத்திரி.

அடுத்தது பணம். செய்ய வேண்டிய வேலைகளின் தேதி நோஷனில் மாறினால் காலண்டரிலும் மாற வேண்டும், காலண்டரில் மாறினால் நோஷனிலும் மாற வேண்டும் என்று இரண்டு பக்கமும் இணைப்புப் போட்டேன். ஒரு புதன்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு அதை ஓடவிட்டுவிட்டுப் படுக்கப் போனேன். நோஷனில் மாறியதும் காலண்டர் மாறியது. காலண்டர் மாறியதைப் பார்த்து நோஷன் மறுபடி புதுப்பிக்கப்பட்டது. "ஓ, நோஷன் மாறிவிட்டதே" என்று காலண்டர் மறுபடி மாறியது. பட்டியலில் 14 வேலைகள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று. நான் தூங்கிய ஒன்பது மணி நேரமும் அவை இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருந்திருக்கின்றன. என் சந்தாவில் மாதத்துக்கு 2000 செயல்கள்தான், இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு செயல். விடிவதற்குள் 7,500 தாண்டியிருந்தது. வரம்பு தாண்டினால் நிறுத்தாமல் கூடுதல் கட்டணத்தில் தொடரலாம் என்ற இடத்தில் நான்தான் டிக் போட்டிருந்தேன். முக்கியமான கூட்டம் எதுவும் விட்டுப்போகக் கூடாதே என்று.

பில், வரியோடு சேர்த்து 9,400 ரூபாய். பணம் எடுப்பதற்கு முந்தைய நாளே வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்தது. வழக்கமான சந்தாதான் என்று நான் தொகையைக்கூடப் பார்க்கவில்லை. நம் நாட்டில் கார்டில் இப்படித் தானாகப் போகும் சந்தாக்களுக்கு, 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தடவையும் ஓடிபி தேவையில்லை. 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி அந்த வரம்பை 5,000 ரூபாயிலிருந்து உயர்த்தியது. வசதிதான், ஆனால் நம் பக்கத்தில் இருக்கும் ஒரே பூட்டு அந்த எஸ்எம்எஸ். மேண்டேட் (தானாகப் பணம் எடுக்கும் அனுமதி) பதியும்போது உச்சத் தொகை கேட்பார்கள். சந்தாவை விடக் கொஞ்சமே கூட வைத்துப் பதியுங்கள். வரம்பு தாண்டினால் நின்றுவிடு என்பதையே தேர்ந்தெடுங்கள். இணைப்பை ஒரு திசையில் மட்டும் போடுங்கள். எனக்கு இப்போது நோஷன்தான் எஜமான், காலண்டர் அதைப் பார்த்து எழுதும், அவ்வளவுதான். காலண்டரில் யாராவது மாற்றினால் அது நோஷனுக்குப் போகாது. போகவும் வேண்டாம். புதிதாக எதையாவது ஓடவிடும்போது கூட உட்கார்ந்திருங்கள். உலையை அடுப்பில் வைத்துவிட்டு யாராவது தூங்கப் போவார்களா? நான் போனேன்.

இதெல்லாம் பணமும் தூக்கமும் போன கதை. இனிச் சொல்லப்போவதை எழுதத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு நேரமாக அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது.

என் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே ஜூம் லிங்க்தான் கொடுத்திருந்தேன். தனிப்பட்ட கூட்ட அறை என்று ஒவ்வொரு கணக்குக்கும் மாறாத எண் ஒன்று இருக்குமே, அது. வாட்ஸ்அப்பில் மேலே பின் பண்ணி வைத்துக்கொள்வார்கள், யாரும் லிங்க் கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். ஆனால் எல்லாக் கூட்டத்துக்கும் எண் ஒன்று, தலைப்பும் ஒன்று என்றால் எது யாருடைய கூட்டம் என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். காலண்டரில் நேரத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். வியாழன் காலை 11 மணி என்றால் முதல் கம்பெனி, மாலை 3 மணி என்றால் இரண்டாவது கம்பெனி. ஜூம் நேரத்தை உலக நேரத்தில் அனுப்புவதால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும் என்பதைக்கூடக் கண்டுபிடித்துச் சேர்த்தேன். மூன்று மாதம் பிசகில்லாமல் ஓடியது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு வியாழன், முதல் கம்பெனி முதலாளி காலையில் வாட்ஸ்அப்பில், "இன்னைக்கு மூணு மணிக்கு வெச்சுக்கலாங்களா?" என்றார். இரண்டாவது கம்பெனி அந்த வாரக் கூட்டத்தை ஏற்கெனவே ரத்து செய்திருந்தது. "தாராளமா சார்" என்றேன். காலண்டரை மாற்றவில்லை. மூன்று மணிக்குக் கூட்டம் நடந்தது. அன்று பேசினது ஒரு ஐரோப்பிய ஆர்டருக்கான விலை: பீஸுக்கு 2 டாலர் 35 சென்ட், எதுவரை இறங்கலாம், எந்த யூனிட்டில் போட்டால் கட்டுப்படியாகும். ஐந்தரை மணிக்கு அந்த மினிட்ஸ் இரண்டாவது கம்பெனியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அவர்களுக்கு மின்னஞ்சலும் போனது. இரண்டும் ஒரே ஊர், ஒரே தொழில், சரக்கு வாங்கும் பையர்கள்கூடச் சிலர் ஒன்றுதான்.

ஏழு மணிக்கு இரண்டாவது கம்பெனி முதலாளி போன் பண்ணினார். நான் அப்போது கடைத்தெருவில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தேன். "ஏனுங்க மேடம், மெயில்ல வந்தது நம்முளுது இல்லீங்களே. பீஸ் ரெண்டு முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்குதுங்க. இது அவிங்க ரேட்டுங்களா?" என்றார். காது அடைத்துப்போனது. என்ன பதில் சொன்னேன் என்று இப்போதும் நினைவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து நோஷன் பக்கத்தை அழித்தேன். பக்கத்தை அழிக்கலாம், மின்னஞ்சலை என்ன செய்வது? முழு மினிட்ஸையும் மின்னஞ்சலின் உள்ளேயே ஒட்டி அனுப்பும்படி நான்தான் அமைத்திருந்தேன். லிங்கைத் திறக்கச் சோம்பல்படுவார்கள், அப்படியே படித்துக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம். லிங்க் மட்டும் அனுப்பியிருந்தால் அனுமதியை ரத்து செய்ததோடு முடிந்திருக்கும்.

அன்று ராத்திரி அழுதேன். முதல் கம்பெனிக்குச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன், அதை மறைத்து எழுத விருப்பமில்லை. இரண்டாமவர் நல்ல மனிதர், அந்த மின்னஞ்சலை அழித்துவிட்டதாகவும் சொல்லிவிட்டார். ஆனால் திருப்பூர் சின்ன ஊர். இன்னொருவர் வாயிலிருந்து முதலாமவர் காதுக்குப் போவதைவிட என் வாயிலிருந்து போகட்டும் என்று காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன். என்ன நடந்தது, எந்தெந்த எண்கள் வெளியே போயின, யார் பார்த்தார்கள், நான் என்ன செய்திருக்கிறேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரு நிமிடம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "சரிங்க மேடம், நான் பேசறனுங்க" என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மாதக் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "அடுத்த மாசத்துல இருந்து நம்ம பையனே பாத்துக்கறானுங்க." மாதம் 15,000 ரூபாய், இரண்டு வருடப் பழக்கம். இரண்டாமவர் விலகவில்லை, ஆனால் அடுத்த கூட்டத்தில் மெதுவாக, "எங்க ரேட்டும் எங்கியாச்சும் போயிருக்குங்களா?" என்று கேட்டார். மூன்று மாத மின்னஞ்சல் பட்டியலை வரிவரியாக எடுத்து, எது யாருக்குப் போனது என்று காட்டிய பிறகுதான் எனக்கும் அவருக்கும் மூச்சு வந்தது.

அந்த ராத்திரி பதற்றத்தில் இன்னொரு காரியமும் செய்திருந்தேன். ஜூமில் எந்தெந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்திருந்தேனோ எல்லாவற்றையும் ரத்து செய்தேன். காலையில் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தபோது ஒன்றை விட்டுவிட்டேன். ஒன்பது நாள் எந்த எழுத்துப்படியும் வரவில்லை. பிழை அறிவிப்பு மின்னஞ்சல்கள், தொல்லையாக இருக்கிறதென்று நானே ஒதுக்கி வைத்திருந்த கோப்புறையில் குவிந்திருந்தன. சென்னைக்காரர்கள் "மினிட்ஸ் வரலையே மேடம்" என்று கேட்டபோதுதான் விழித்தேன். இடம் மிச்சமாகட்டும் என்று ஏழு நாளில் பதிவுகள் தானாக அழியும்படியும் வைத்திருந்தேன். நல்லவேளை, ஜூமில் அழிந்த கிளவுட் பதிவுகள் 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அங்கிருந்து இரண்டு கூட்டங்களை மீட்டேன். உங்களுக்கும் என்றாவது தேவைப்படலாம், அந்த 30 நாளை நினைவில் வையுங்கள்.

இப்போதைய அமைப்பு முன்னைவிட மந்தமானது, அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிக் கூட்ட எண், தனி லிங்க். மாறச் சொன்னபோது எல்லாரும் முணுமுணுத்தார்கள், இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. எண்ணைப் பார்த்துத்தான் இயந்திரம் ஆளை அறியும். பட்டியலில் இல்லாத எண் வந்தால் ஊகிக்காமல் "யாருடையது?" என்று என்னைக் கேட்கும். வரைவு எல்லாம் என் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒரு தனி அட்டவணைக்குத்தான் வரும். வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தில் எழுத இணைப்புச் செயலிக்கு அனுமதியே கிடையாது. நோஷனில் எந்தப் பக்கத்தைத் தொடலாம் என்று பக்கம் பக்கமாக அனுமதி கொடுக்கலாம், நான் முன்பு அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். நான் படித்து, திருத்தி, என் கையால் நகர்த்தினால்தான் வாடிக்கையாளரின் பக்கத்துக்குப் போகும். மின்னஞ்சலில் லிங்க் மட்டும்.

தினமும் காலை எட்டு மணிக்கு எனக்கு ஒரு செய்தி வரும்: "நேற்று 3 கூட்டம், 3 வரைவு." எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் தேடுவேன். செய்தியே வரவில்லை என்றால் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். பிழை வந்தால் சொல்லும் அமைப்பைவிட, நன்றாக இருக்கிறேன் என்று தினமும் சொல்லும் அமைப்பு நம்பகமானது. வெளியூரில் இருக்கும் பிள்ளை ராத்திரி போன் பண்ணுவது மாதிரி.

கூட்டம் தொடங்கும்போது, பதிவு ஆகிறது, குறிப்பெடுக்க ஏஐயும் உதவுகிறது என்று வாய்விட்டுச் சொல்கிறேன். நடுவில் கொஞ்ச நாள், கூட்டத்தில் தானாகச் சேர்ந்து குறிப்பெடுக்கும் ஒரு தானியங்கிச் செயலியையும் முயன்று பார்த்தேன். ஒரு ஜெர்மன் பையர், "இது யார்? இவர் போனால்தான் நான் பேசுவேன்" என்று நேராகவே சொல்லிவிட்டார். அதோடு அதை நிறுத்தினேன். அவர் கேட்டது நியாயம்தான்.

கணக்கு கேட்பீர்கள். கூடுதல் பில் 9,400, போன வாடிக்கையாளர் மாதம் 15,000, ஆறு வாரத்துச் சாயங்காலங்கள். பதிலுக்கு, ஒரு கூட்டத்துக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆன மினிட்ஸ் இப்போது இருபது நிமிடத்தில் முடிகிறது. அந்த இருபது நிமிடத்தையும் மிச்சம் பிடிக்க வழி சொல்லித்தருவதாக வாரம் ஒரு விளம்பரம் என் கண்ணில் படுகிறது. பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவேன்.

இன்று காலை சிங்கப்பூர்க்காரருடன் கூட்டம். மாதக் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டித் தரும்படி கேட்டிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்றார். வரைவு வந்தது. அறுபது சொல் பட்டியல், அத்தனை கட்டளை எல்லாம் கொடுத்தும், "கட்டண உயர்வுக்குக் கொள்கையளவில் ஒப்புதல்" என்று இருந்தது. ஒரு நொடி அப்படியே விட்டுவிடலாமா என்று ஆசையாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த வரியை அழித்துவிட்டு, "முடிவில்லை" என்று தட்டி, பக்கத்தை நகர்த்தினேன்.